ஒரு வெள்ளிக்கு நானூறு குவாச்சா

"அக்கா, ஒரு வெள்ளிக்கு நானூறு. நானூறுக்கும் மேல. நீங்களே சொல்லுங்க, அது ஒரு காசா?"

ஜொகூர் பாரு நெரிசலிலிருந்து கார் இன்னும் வெளியே வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்த களைப்பில் இருந்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு பேருந்தில் ஏறி, இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி காட்டி ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தேன். கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் என் தங்கை வசந்தாவின் கணவர் மாணிக்கம். நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். மூன்றாவது கேள்வி இது.

மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். நானூறு என்று மாணிக்கம் சொன்னது மலாவி நாட்டின் குவாச்சாவை. அவருடைய ஒரே மகள் தர்ஷினி, மலாவியிலிருந்து வந்த ஒரு பையனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். அதற்காகத்தான் பாளையங்கோட்டையிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஆப்பிரிக்காவைக் கண்ணால் பார்த்தவள் நான் மட்டும். எண்பதுகளில் நானும் என் கணவரும் சாம்பியாவில் பள்ளிக்கூட வாத்தியார்கள். நாங்கள் இருந்த சிப்பாட்டா ஊரிலிருந்து மலாவி எல்லை வண்டியில் அரைமணி நேரம். "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுக்கா. வேணாம்னு நீ சொன்னா அவ கேப்பா. வேணும்னு நீ சொன்னா இவரு கேப்பாரு" என்று வசந்தா போனில் அழுதாள். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் விமானம் ஏறினேன்.

"பையனைப் பாக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், தம்பி" என்றேன்.

"பாருங்க, பாருங்க. பையன் நல்ல பையன்தான். நான் இல்லன்னு சொல்லல லா. நான் காசத்தான் சொல்றேன்." அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு நடுவே ஒரு 'லா' போடுவார்.

முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சட்டென்று குறுக்கே புகுந்தது. "அலமாக்!" என்று பிரேக்கை மிதித்தார்.

*

ஸ்கூடாயில் அவர்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் கார், காரை ஒட்டிச் செருப்புகள், செருப்புகளை ஒட்டித் துளசிச் செடி. தெருமுனைக் கடைகளில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூட்டம். அதில் உயரமான ஆப்பிரிக்கப் பையன்கள் இரண்டு பேர் நெகிழிப் பையில் கட்டிய ஐஸ் தேநீரைக் குழல்போட்டு உறிஞ்சிக்கொண்டு நடந்து போனார்கள். அவர்களைப் பார்த்ததும் என்னை அறியாமல் கழுத்தைத் திருப்பினேன். சிப்பாட்டாவில் என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் மகன் வயதில் இருப்பார்கள்.

வசந்தா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. என்னைக் கண்டதும், "ஏக்கா, எலும்பும் தோலுமா வந்துருக்கியே" என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு இன்னும் போகவில்லை. அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டுச் சீன அம்மாளிடம் மலாயில் ஏதோ கத்திச் சிரித்தாள். இரண்டு வசந்தாக்கள்.

தர்ஷினி வேலையிலிருந்து வந்ததும் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். முப்பது வயது. பல்கலைக்கழகத்தில் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்தப் பையன் அங்கே ஆராய்ச்சி செய்ய வந்தவன்.

"பெரியம்மா, நான் ஓடிப் போகல. ஓடிப் போறதா இருந்தா உங்கள கூப்பிடச் சொல்லியிருப்பனா? அப்பா சரின்னாதான் கல்யாணம். இல்லாட்டி இல்ல. ஆனா வேற யாரையும் கட்டிக்கச் சொல்லாதீங்க."

"அவன் பேரு என்னட்டி?"

"கொண்ட்வானி."

கதவுக்கு வெளியே வசந்தாவின் குரல் வந்தது. "கொண்டு வா நீயாம் பேரு. எதக் கொண்டு வரப் போறானோ."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அந்தப் பேரின் அர்த்தம் தெரியும். சந்தோஷமாயிரு என்று அர்த்தம். அந்த வார்த்தையை நான் கேட்டு நாற்பது வருஷம் ஆகப் போகிறது.

அவனுக்குப் படிப்பு முடிந்துவிட்டதாம். விசா முடிய இன்னும் சில வாரம்தான். அதற்குள் ஒன்று தெரிய வேண்டும்.

*

காலையில் மாணிக்கம் வாழையிலையும் காகிதமும் சுற்றிய பொட்டலங்களை வாங்கி வந்தார். நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறு, மிளகாய்ச் சம்பால், அரை முட்டை, வெள்ளரிக்காய், பொரித்த நெத்திலி. நெத்திலியை வாயில் போட்டதும் நான் ஸ்கூடாயில் இல்லை. சிப்பாட்டா சந்தையில், சாக்குமேல் குவித்த கப்பெண்டாக் கருவாட்டின் முன்னால் நின்றேன். இதே அளவு, இதே வெள்ளி நிறம், இதே உப்பு. அந்த ஊர்க்காரர்கள் அதைத் தக்காளியில் வதக்கிச் சோளமாவுக் களியோடு சாப்பிடுவார்கள். நாங்கள் புளி ஊற்றிக் குழம்பு வைத்தோம்.

நாங்கள் போய் இறங்கிய காலத்தில் சாம்பியாவின் காசுக்கும் குவாச்சா என்று பேர், மலாவியின் காசுக்கும் குவாச்சா என்றே பேர். விடிந்தது என்று அர்த்தம். இரண்டு நாடும் வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை வாங்கியபின் பழைய பவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பவுண்டுக்கு இரண்டு என்று ஒரே கணக்கில் ஆரம்பித்தவை. சில்லறைதான் வேறு. சாம்பியாவில் ங்வீ, அதாவது பளிச்சென்ற வெளிச்சம். மலாவியில் தம்பாலா, அதாவது சேவல்.

எங்களுக்கு வருஷங்கள் குழம்பிப்போகும். குவாச்சா விலை குழம்பாது. கல்யாணமான புதிதில், இரண்டு குவாச்சாவும் ஏறக்குறைய சமமாக இருந்தபோது, மலாவித் தலைநகர் லிலோங்வேக்குப் போய் ஒரு தையல் இயந்திரம் வாங்கினோம். எங்கள் ஒன்றரைக்கு அவர்களுடைய ஒன்று என்றானபோது நான் பிள்ளையாண்டிருந்தேன். பிறகு செம்பு விலை விழுந்தது. சாம்பியாவுக்குச் செம்புதான் சோறு. தலைநகரில் டாலரை ஏலம் போட ஆரம்பித்தார்கள். மூன்று கொடு, நான்கு கொடு என்று எல்லையில் கேட்டபோது என் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். எங்கள் கடைகளில் அலமாரிதான் இருந்தது. சோப்பு இல்லை, சமையல் எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை.

சனிக்கிழமை விடிந்தால் வாத்தியார்கள் ஐந்தாறு பேர் ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் ஏறி எல்லைக்குப் போவோம். அங்கே மாமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இடுப்புத் துணிக்குள் காசுக்கட்டு. சட்டப்படி காசு மாற்றக் கூடாது. காவல்காரர் வந்தால் காசுக்கட்டு மறையும், தக்காளிக் கூடை வெளியே வரும். அவர் போனதும் தக்காளி மறையும். மாற்றிய காசோடு லிலோங்வே வரைக்கும் போய்க் கடைகளில் சாமான் வாங்குவோம். என் கணவர் தினமும் பௌதிகம் நடத்துகிறவர். அந்தப் பெண்களிடம் பேரம் பேசும்போது மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார். தோற்றுவிட்டு வந்து, "இன்னைக்கு நல்ல ரேட்டு" என்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பிக்கப் பின்புறத்தின் செம்மண் தூசியும் அவர் தோளும் எனக்கு இன்றும் ஒன்றாகத்தான் நினைவு வருகின்றன.

"என்னக்கா, சாப்பிடாம அப்படியே உக்காந்திருக்கீங்க? காரமா?" என்றார் மாணிக்கம்.

"இல்ல தம்பி. நெத்திலி நல்லாருக்கு" என்றேன்.

*

அன்றைக்கு அவர் என்னை பெக்கோக் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். அவருடைய அண்ணன் அங்கே இருக்கிறார். குடும்ப விஷயங்களில் அவரையும் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாக இருந்த பாதையில் போய்க்கொண்டிருந்தபோது காரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது.

மாணிக்கம் இறங்கி மூடியைத் திறந்தார். கொதிக்கிற தண்ணீரின் சத்தம். "ரேடியேட்டர் லா" என்று சொல்லிவிட்டு, பெக்கோக் டவுனில் தெரிந்த மெக்கானிக்கை போனில் கூப்பிட்டார். அவர் வரும்வரைக்கும் நாங்கள் நிற்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் ஒரு மலாய் அம்மாள் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துப் பழம்பொரி மாதிரி இருந்தது. ஆனால் தொட்டுக்கொள்ள, காரமான மிளகாயை இடித்துப் போட்ட கறுப்பு சோயா சாறு கொடுத்தார். இனிப்புப் பழத்துக்குக் காரச் சாறா என்று தயங்கினேன். ஒன்று தின்றதும் இன்னும் இரண்டு வாங்கினேன்.

மாணிக்கம் எதிரே இருந்த செம்பனை வரிசையைக் காட்டினார். "அப்ப இது பூரா கித்தா மரம், ரப்பர் தோட்டம். எங்க அம்மா அப்பா பால் மரம் வெட்டுனது இங்கதான். நான் பொறந்த லயத்து வீடு அந்த மேட்டுல."

மேட்டில் ஒன்றும் இல்லை. அவரும் அதிக நேரம் பார்க்கவில்லை.

"நான் மொத மொத சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனப்ப," என்றார், "ரெண்டு காசும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்கா. சின்னப் புள்ளையா இருக்கறப்ப சுத்தமா ஒண்ணுக்கு ஒண்ணு. அவங்க காச இங்க குடுக்கலாம், நம்ம காச அங்க குடுக்கலாம். இப்ப? மூணு வெள்ளிக்கு மேல குடுத்தாத்தான் அவங்க ஒரு வெள்ளி."

"உங்களுக்கு லாபந்தானே, தம்பி. அங்க சம்பாதிச்சு இங்க செலவு பண்றீங்க."

"லாபந்தான். அதுலதான் வீடு வாங்குனேன். புள்ளைய படிக்க வச்சேன். விடியறதுக்கு முன்னாடி மோட்டார்ல கெளம்பி, மழையோ வெயிலோ, பாலத்துல நின்னு நின்னு போனேன். ஆனா ஒண்ணு பாத்தேன். மொதல்ல போனப்ப அங்க உள்ளவன் என்ன 'மாணிக்கம், சாப்பிட்டியா'ன்னு கேப்பான். ரேட்டு ரெண்டு ஆச்சு, ரெண்டரை ஆச்சு. அவன் பாக்குற பார்வை மாறிடுச்சு. 'உனக்கென்ன, இந்தக் காசு உங்க ஊர்ல பெரிய காசு'ன்னு சம்பளத்துல கொறச்சான். நான் அதே ஆளு. அதே வேலை. ரேட்டு மட்டுந்தான் மாறிச்சு."

வாழைப்பழப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"என் புள்ளைய யாரும் அப்படிப் பாக்கக்கூடாது. காசு இல்லாத ஊருக்கு அனுப்புனா, நாளைக்கு அவ இங்க வரும்போது சொந்தக்காரனே அப்படித்தான் பாப்பான்."

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கலாமா என்று தயக்கம். கேட்டுவிட்டேன். "தம்பி, ரேட்டு மட்டுந்தான் காரணமா? பையன் கறுப்புன்னு இல்லையே?"

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களைக் கடந்து போயிற்று.

"அதுவும் இருக்குக்கா. இல்லன்னு சொன்னா பொய். கல்யாணத்துல நாலு பேரு என்ன சொல்லுவான்னு ராத்திரில யோசிக்கிறேன். ஆனா அது தப்புன்னு எனக்கே தெரியுது. ரேட்டு தப்பில்லையே. அதுனாலதான் அதச் சொல்றேன்."

இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவரிடம் என்ன வாதாடுவது? எல்லைக் கடையில் நடந்த ஒன்றைச் சொன்னேன். மகன் கைக்குழந்தை. துணி துவைக்கச் சோப்பு இல்லாமல் மலாவிக்குப் போயிருந்தோம். கடைக்காரர் எங்கள் சாம்பியா நோட்டைப் பார்த்ததும், "அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். வெட்கத்தில் கடைக்கு வெளியே வந்து நின்றேன். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் பின்னாலேயே வந்தாள். குழந்தையின் துணியைத் தொட்டுப் பார்த்தாள். தன்னுடைய நீளச் சோப்பை ஒரு கம்பியால் நடுவில் அறுத்து, பாதியை என் பைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பேர்கூட நான் கேட்கவில்லை.

"மலாவிப் பொம்பளையா?" என்றார் மாணிக்கம்.

"ஆமா. அன்னைக்கு அவங்க காசுதான் ஒசத்தி. நாங்கதான் காசு இல்லாத ஊரு."

"இன்னைக்கு?"

"இன்னைக்குத் தலைகீழ். சாம்பியாக்காரங்க இடையில மூணு சைபர வெட்டிப் போட்டாங்க. இப்ப அவங்க ஒரு குவாச்சாவுக்கு மலாவிக்காரங்க எழுபது, எண்பது குடுக்கணும்."

"அது எப்படிங்க்கா மாறும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செம்பு விலையிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குள் மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். அண்ணன் வீட்டுக்கு அன்றைக்குப் போகவே இல்லை. வண்டி ஓடுகிற நிலைக்கு வந்ததும் நேராக வீடு திரும்பச் சொன்னார் மெக்கானிக். அண்ணனிடம் போனில் பேசினார் மாணிக்கம். "ஒம் புள்ள, நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டாராம்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொண்ட்வானி சாப்பிட வந்தான். மாணிக்கத்தைச் சம்மதிக்க வைத்தது வசந்தா. "சோறு போடறதுக்குமா ரேட்டு பாக்கணும்?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

பழைய மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. கையில் இரண்டு அன்னாசிப் பழம். ஒல்லி, நல்ல உயரம், கண்ணாடி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து மாணிக்கத்தைக் கும்பிட்டான். அவர் தலையை ஆட்டிவிட்டுச் செய்தித்தாளோடு வாசலுக்குப் போய்விட்டார்.

நான் வாயைத் திறந்தேன். எத்தனையோ வருஷமாகப் பேசாத பாஷை, வருமோ வராதோ என்று பயம்.

"முலி ப்வான்ஜி?"

நலமா என்று கேட்டேன், அவ்வளவுதான். அந்தப் பையன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு இரண்டு கையையும் மெதுவாகத் தட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, பெரியவர்களுக்குச் சொல்கிற முறையில் பதில் சொன்னான். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பாஷைதான். சாம்பியாவில் அதை நியான்ஜா என்பார்கள், மலாவியில் சிச்சேவா என்பார்கள்.

"உங்கள் பேச்சு என் அம்மா வயதுக்காரர்கள் பேச்சு மாதிரி இருக்கிறது" என்று சிரித்தான். தம்பாலாவைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சில்லறையைக் கொடுத்து அவன் ஒன்றும் வாங்கியதே இல்லையாம். ஒரு தம்பாலாக் காசில் சேவல் நிற்குமே என்றேன். அப்படியா என்றான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். என் இளமை முழுக்கப் புழங்கிய காசு, அந்த நாட்டுப் பிள்ளைக்கே கேள்விப்பட்ட சங்கதியாகிவிட்டது.

வசந்தா இலை போட்டாள். சாம்பார், கோழி வறுவல், அப்பளம். கொண்ட்வானி வலது கையால் சோற்றை உருட்டி, நடுவில் கட்டைவிரலால் சின்னக் குழி செய்து, அதில் கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். களி தின்று பழகிய கை.

"பாருக்கா, ஒரு பருக்க கீழ சிந்தல" என்று வசந்தா என் காதில் சொன்னாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவன் போன் அடித்தது. லிலோங்வேயிலிருந்து அவன் அம்மா. முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மகனோடு பேசுவது வழக்கமாம். தர்ஷினி அவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்துப் போனை நீட்டினான்.

திரையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்மணி. அந்த ஊரில் பெரிய பெண்களை 'அமாயி' என்று கூப்பிட வேண்டும். நம் அம்மாதான். "அமாயி, வணக்கம். நான் சிப்பாட்டாவில் வாத்தியாராக இருந்தவள்" என்று அவர்கள் பாஷையில் சொன்னேன். கண்ணை அகல விரித்தார். எந்தக் காலத்தில் என்று கேட்டார். சொன்னேன்.

"நான் அப்போது லிலோங்வேயில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தேன்" என்றார். "சனிக்கிழமை சனிக்கிழமை பிக்கப்பில் வருவீர்களே! சோப்புக்காரர்கள் வந்தாச்சு என்று நாங்கள் சொல்வோம். முதலில் காசைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தீர்கள். அப்புறம் பை பையாகக் கொண்டுவந்தீர்கள். ஐயோ, பாவம், எவ்வளவு ஏழைகளாக இருந்தீர்கள்!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் காலத்தைப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிக்கப்பை, அந்தச் சோப்பை, அந்தக் காசு விலையை நினைவு வைத்திருக்கிற இன்னொரு மனுஷி இருக்கிறார்.

வாசலில் செய்தித்தாள் மடங்குகிற சத்தம். மாணிக்கம் உள்ளே வந்து நின்றார். "என்னக்கா சொல்லுது அந்தம்மா? எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"நாங்க அப்ப எவ்வளவு ஏழையா இருந்தோம்னு சொல்லுதாங்க."

அவருக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. உட்கார்ந்தார்.

பிறகு அந்த அம்மாள் குரல் மாறியது. தர்ஷினியைக் காட்டச் சொன்னார். பார்த்தார். நல்ல பெண் என்றார். நல்ல பெண், ஆனால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றார்.

கொண்ட்வானி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரியும்போல. தர்ஷினிக்கு வார்த்தை புரியவில்லை, முகம் புரிந்தது.

"என்னாவாம்?" என்றார் மாணிக்கம்.

"வேணாங்கறாங்க, தம்பி."

"வேணாமா? யாரு, அவங்களா?" எழுந்து நின்றுவிட்டார். "ஏன், என் புள்ளைக்கு என்னா கொறச்சல்? படிச்ச புள்ள! அவங்க எப்படி வேணாம்னு சொல்லலாம்?"

வசந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மாள் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை, நான் ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

"நான் இவனைப் படிக்கத்தான் அனுப்பினேன். எனக்குக் கணவர் இல்லை. எங்கள் பணம் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊருக்கு ஒரு விமான டிக்கெட் வாங்க நான் எத்தனை வருஷம் சேர்க்க வேண்டும்? சேர்த்து முடிக்கும்போது அதன் விலை இரண்டு மடங்காகிவிடும். இவன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டால், எங்கள் பணத்தில் நான் என் மகனை இனி ஒருநாளும் பார்க்க முடியாது. பேரப்பிள்ளையைத் தொட முடியாது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை."

மாணிக்கம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து, திரைக்குள் தன் முகமும் தெரியும்படி நின்றார். அந்த அம்மாள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

"அக்கா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. அவங்க வர வேணாம். நாங்க வர்றோம்."

"தம்பி..."

"சொல்லுங்கக்கா. எங்க ஒரு வெள்ளிக்கு அவங்க காசு நானூறு. அவங்களுக்கு இங்க வர்றதுதான் கஷ்டம். எங்களுக்கு அங்க இருக்கறது கஷ்டமே இல்ல லா. டிக்கெட்டு நான் பாத்துக்குறேன். புள்ளைங்க எங்க இருந்தாலும், வருஷத்துக்கு ஒருதரம் கூட்டிக்கிட்டு நானே வருவேன். நான் முப்பது வருஷம் பாலம் தாண்டுன ஆளு. எனக்கு எல்லை தாண்டத் தெரியும்னு சொல்லுங்க."

சொன்னேன். நடுவில் இரண்டு வார்த்தைக்குத் திணறினேன். கொண்ட்வானி எடுத்துக் கொடுத்தான்.

அந்த அம்மாள் திரைக்கு அருகில் வந்து மாணிக்கத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "இவர் வாய் வார்த்தையாகச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா?" என்று என்னைக் கேட்டார்.

நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். கார் நின்ற இடத்தில் பொய் சொல்லத் தெரியாமல் நின்ற மனுஷனை நினைத்துக்கொண்டேன். "நிஜமாகத்தான் சொல்கிறார், அமாயி" என்றேன்.

"அப்படியானால் முதலில் வரட்டும். வந்து என் வீட்டில் சாப்பிடட்டும். பிறகு பேசுவோம்" என்றார்.

தர்ஷினி சமையலறைக்குள் போய்விட்டாள். அன்னாசிப் பழம் வெட்டுகிற சத்தம் கேட்டது; நெடுநேரம் கேட்டது. இரண்டு பழத்தையும் அவளே வெட்டி முடித்துவிட்டாள்.

*

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், ஜொகூர் பாருவில் ஊருக்கு வாங்க வேண்டியதை வாங்கப் போனோம். வேலை முடிந்ததும் மாணிக்கம் என்னை ஒரு நாணய மாற்றுக் கடைக்கு அழைத்துப் போனார். எனக்கு ரூபாய் மாற்றத்தான் என்று நினைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நம் பக்கத்து பாய் ஒருவர். அவர் தலைக்குமேல் விளக்குப் பலகையில் நாடுகளின் கொடிகள், பக்கத்தில் சிவப்பு எண்கள். மாணிக்கம் கீழேயிருந்து மேல்வரை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"பாய், மலாவிக் காசு இருக்கா?"

"மாலத்தீவா?"

"மலாவி. குவாச்சா."

பாய் உதட்டைப் பிதுக்கினார். "இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லையேண்ணே. டாலரா கொண்டுபோங்க, அங்க மாத்திக்கலாம். அந்த ஊருக்கு எதுக்குப் போறீங்க? வேலைக்கா?"

மாணிக்கம் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.

"இல்ல பாய். சம்பந்தி வீட்டுக்கு."